எத்தனை கை உயர வேண்டும்?

கல்முனைப் பக்கம் தேர்தல் மேடை கட்டினால், கரையோர மாவட்டம் பற்றிப் பேசாமல் அந்த மேடையைப் பிரிப்பதில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகக் கிடக்கும் ஊர்களை அம்பாறையிலிருந்து பிரித்து, கல்முனையில் ஒரு கச்சேரி வைத்துத் தனி மாவட்டம் ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். தேர்தல் முடிந்தபிறகு போய்க் கேட்டால், "அது யாப்போட சம்பந்தப்பட்ட விசயம், லேசில்ல" என்று பதில் வரும்.

தேநீர்க் கடையில் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் இதைத்தான் கேட்டார். "காக்கா, ஒரு மாவட்டம் தாறதுக்கு யாப்ப மாத்தணுமா? மூணுல ரெண்டு வேணுமா?" இஞ்சி போட்ட பிளேன்டி ரெண்டு சொல்லிவிட்டுத்தான் பதிலைத் தொடங்கினேன். ஒரு வார்த்தையில் "இல்லை" என்று சொல்லலாம். ஆனால் அந்த "இல்லை" ஏன் இத்தனை வருடம் உதவவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பதில்.

யாப்பு இந்த நாட்டை எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதிலிருந்து வருவோம். 1978ஆம் ஆண்டு யாப்பின் 5ஆம் உறுப்புரை மிகச் சிறியது. குடியரசின் ஆட்புலம் இருபத்தைந்து நிருவாக மாவட்டங்களையும் ஆட்புலக் கடலையும் கொண்டது என்கிறது. மாவட்டங்கள் எவை என்பது முதலாம் அட்டவணையில் இருக்கிறது. பெயர்கள் மட்டும்தான். நம்முடைய காணி உறுதியில் வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே கடற்கரை வீதி என்று நாலெல்லையும் எழுதியிருக்கும். இந்த உறுதியில் காணியின் பெயர் இருக்கிறது, நாலெல்லை இல்லை. அம்பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாப்பில் தேடினால் கிடைக்காது. அது சாதாரண சட்டங்களிலும் வர்த்தமானிகளிலும் கிடக்கிறது.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்புலக் கடல் என்பது 12 கடல் மைல் வரைதான். அதற்கு அப்பால் 200 மைல் வரை மீனும் எண்ணெயும் இலங்கைக்கு உரிமை. ஆனால் அது நாட்டின் நிலம்போன்ற ஆட்புலம் அல்ல. சாய்ந்தமருதிலிருந்து பல நாள் படகில் போகிறவர் இரண்டாம் நாளே நாட்டை விட்டு வெளியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த 5ஆம் உறுப்புரையின் அடியில் ஒட்டியிருக்கும் காப்பு வாசகத்துக்கு வருவோம். மேடையில் யாரும் அதை வாசித்துக் காட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. மாவட்டங்களைப் பிரித்தோ ஒன்றாக்கியோ வேறு மாவட்டங்களை அமைக்கலாம், அதைப் பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தால் முடிவு செய்யலாம் என்பது அதன் கருத்து. தீர்மானம் என்றால் அன்றைக்குச் சபையில் இருந்து வாக்களிப்பவர்களில் கூடுதலானோர் கை உயர்த்தினால் போதும். யாப்புத் திருத்தம் அப்படியல்ல. 225 பேரில் 150 பேர் வேண்டும். வராமல் வீட்டில் இருந்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருப்பார். கிளிநொச்சி மாவட்டம் 1983இல் 7ஆம் திருத்தத்தோடு வந்தது. 24 என்றிருந்தது 25 ஆனது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, ஒரு மாவட்டமும் புதிதாகப் பிறக்கவில்லை.

"அப்ப மூணுல ரெண்டு எதுக்கு காக்கா?" என்றார் தம்பி.

யாப்பு எல்லாப் பொருளையும் ஒரே கனத்தில் காவல் காப்பதில்லை. சில உறுப்புரைகளை மாற்ற 150 கை போதாது. அதற்கு மேல் நாடு முழுக்கச் சர்வசன வாக்கெடுப்பும் நடந்து மக்கள் ஆம் என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் 83ஆம் உறுப்புரையில் இருக்கிறது. இலங்கை ஒற்றையாட்சி அரசு என்கிற 2ஆம் உறுப்புரை அதில் உண்டு. தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மை இடம், மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான காப்பு எல்லாம் உண்டு. ஆட்புலத்தைச் சொல்லும் 5ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. பிரஜை யார் என்று பேசும் 26ஆம் உறுப்புரையும் இல்லை. கொடியின் வடிவத்தை மாற்ற மக்களிடம் போக வேண்டும். பிரஜாவுரிமை பற்றிய உறுப்புரையை மாற்ற, எழுத்தின்படி, போக வேண்டியதில்லை. நீதிமன்றம் மக்களின் இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரையோடு முடிச்சுப் போட்டு வேறு விதமாகவும் வாசிக்கலாம், அது வேறு கதை.

அப்படியானால் கரையோர மாவட்டம் ஏன் கிடைக்கவில்லை? சட்டம் தடுக்கவில்லை, கணக்குத் தடுத்தது. 1961 ஏப்ரலுக்கு முன் அம்பாறை என்று ஒரு மாவட்டமே கிடையாது. பொத்துவில் வரைக்கும் மட்டக்களப்பு மாவட்டம். கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் நிரம்பி, உள்நாட்டில் சிங்களக் குடியேற்றங்கள் வந்தபின், மட்டக்களப்பின் தென்பாதியை வெட்டிப் புது மாவட்டம் ஆக்கினார்கள். தலைநகர் கடலோரத்தில் வரவில்லை, உள்ளே அம்பாறை நகரில் வந்தது. 2012 குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர். நூற்றுக்கு 43 அளவில் முஸ்லிம்கள், 39 அளவில் சிங்களவர், 17 அளவில் தமிழர். பெரும்பான்மை என்று ஒருவருக்கும் இல்லாத மாவட்டம் இது. கோட்டை எங்கே போட்டாலும் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும்.

யாப்பைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி, பதிவேடுகளின் மொழி தமிழ். அம்பாறை கிழக்கு மாகாணம். ஆனாலும் சிங்களத்தில் வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைந்த கதை இந்தக் கரையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். சம்மாந்துறை வழியாக பஸ் ஏறிக் கச்சேரிக்குப் போய், பெரியவர் இல்லை நாளைக்கு வாங்க என்று கேட்டுத் திரும்புகிறவருக்குத் தனி மாவட்டம் என்பது பெரிய அரசியல் இல்லை. பாதி நாள் கூலி மிச்சம், அவ்வளவுதான்.

ஆனால் கோரிக்கையை ஆதரிக்கிற நானே கேட்டுக்கொள்கிற ஒரு கேள்வி உண்டு: தண்ணீர். குளம் இங்கினியாகலையில், கடைசி வட்டை கடலோரத்தில். நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்கு எப்போது மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்றெல்லாம் போகத்துக்கு முந்திய கூட்டத்தில் அதிகாரிகளும் வட்டவிதானைமாரும் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். மாவட்டம் இரண்டானால் குளம் ஒரு கச்சேரியிடம், கடைவயல் இன்னொரு கச்சேரியிடம். இதற்கு ஏற்பாடு செய்ய முடியாது என்றில்லை. ஏற்பாடு செய்யாமல் பிரித்தால் சிறுபோகத்தில் யாருடைய பயிர் காயும் என்று சொல்லத் தேவையில்லை. மேடையில் இந்தக் கணக்கையும் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மாவட்டம் வந்தால் தனி எம்.பி.மார் வருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நிருவாக மாவட்டம் வேறு, தேர்தல் மாவட்டம் வேறு. நிருவாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. கிளிநொச்சிக்குத் தனிக் கச்சேரி இருக்கிறது, வாக்கு எண்ணுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. நம்முடையது தேர்தலில் திகாமடுல்ல. அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் என்று நாலு தொகுதி. சந்திரிகா காலத்து யாப்பு முன்மொழிவுகளில் 'தென்கிழக்குப் பிராந்தியம்' என்று பேசப்பட்டது அம்பாறைத் தொகுதி தவிர்ந்த மற்ற மூன்றையும் வைத்துத்தான். அந்த யாப்பு வரவேயில்லை. அஷ்ரஃப் 2000 செப்டம்பரில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து மறைந்தார்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2019இல் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து புது மாவட்டங்கள்; அடுத்த வருடம் மயிலாடுதுறை. மாநில அரசே செய்து முடித்தது. இந்திய யாப்பு மாவட்டங்களின் பெயரைச் சொல்வதில்லை, மாநிலங்களைத்தான் சொல்கிறது. அந்த மாநிலங்களையே 3ஆம் உறுப்புரைப்படி மத்தியப் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் வெட்டலாம், ஒட்டலாம், பெயர் மாற்றலாம். மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கருத்துப்படி நடக்க வேண்டும் என்றில்லை. ஆந்திரச் சட்டசபை வேண்டாம் என்று சொன்ன பிறகும் 2014 ஜூன் 2இல் தெலங்கானா பிறந்தது அப்படித்தான். சமஷ்டி என்றால் எல்லை அசையாது என்று நினைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

மாகாணத்துக்கு வருவோம். வடக்கும் கிழக்கும் சேர்ந்து பிரிந்த கதையை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை.

1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம். அதன்படி வடக்கும் கிழக்கும் ஒரே அலகாகச் சேரும். 1988 முடிவதற்குள் கிழக்கு மக்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடத்தி, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கேட்க வேண்டும். 1987 நவம்பரில் 13ஆம் திருத்தம் வந்தது. சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் அதைக் கொண்டு வரலாமா என்ற கேள்வியில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஐந்துக்கு நாலு என்று பிரிந்தார்கள். ஒரு கை மாறியிருந்தால் மாகாண சபைக்காக மக்களிடம் போக வேண்டி வந்திருக்கும். திருத்தத்தின் 154A உறுப்புரையில் மூன்றாம் பந்தி, அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று மாகாணங்களை ஒரே அலகாக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. சட்டம் என்றால் சாதாரணச் சட்டம்தான்.

அந்தச் சட்டமும் வந்தது, 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். அதன் 37ஆம் பிரிவு ஜனாதிபதி பிரகடனம் செய்து இரண்டையும் இணைக்கலாம் என்றது; கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு, சண்டை நின்றுவிட்டது என்று ஜனாதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். 1988 செப்டம்பரில் சண்டை எங்கே நின்றது? ஜே.ஆர். ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதியால் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, பிறகு இணைப்பைப் பிரகடனம் செய்தார். கிழக்கின் வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. வருடா வருடம் வர்த்தமானியில் தள்ளிப் போட்டார்கள், பதினெட்டு வருடம்.

2006 ஒக்டோபர் 16இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் ஆயம் அந்த இணைப்பு ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 2007 பிறந்தபோது கிழக்குத் தனி மாகாணம். இங்கே கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் "சேரக் கூடாது" என்று சொல்லவில்லை. பாராளுமன்றம் வைத்த நிபந்தனையை அவசரகால விதியால் தட்டிவிட முடியாது என்றுதான் சொன்னது. 154A இன்றும் யாப்பில் அப்படியே இருக்கிறது. நாளைக்குப் பாராளுமன்றம் ஒழுங்கான சட்டம் செய்து இணைத்தால் யாப்பு குறுக்கே நிற்காது.

இந்தத் தீர்ப்பு வந்தபோது நம்மூரில் நிம்மதிப்பட்டவர்களே கூட என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2012 கணக்கில் கிழக்கில் மட்டும் பார்த்தால் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வடக்கோடு சேர்த்து எண்ணினால் நாலில் ஒன்றுக்கும் கீழே. அந்த நிம்மதிக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட 1990இன் நினைவுகள் இருந்தன. வடக்குத் தமிழருக்கு அதே தீர்ப்பு கையில் இருந்ததைப் பறித்ததுபோல இருந்தது. இரண்டும் உண்மை. 2008இல் கிழக்குக்குத் தனிச் சபை வந்தது, 2012இல் இரண்டாவது தேர்தல், 2015இல் நம் பக்கத்து ஹாபிஸ் நசீர் முதலமைச்சர். 2017 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது. புதுத் தேர்தல் முறைக்காக எல்லை நிர்ணயம் செய்த அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை, எதிராக 139. கொண்டுவந்த அரசாங்கமே எதிர்த்தது. அன்று நின்ற மாகாண சபைத் தேர்தல் நின்றதுதான். பிறகு ஆளுநர் கையில்.

"மாகாணம் மாவட்டம் எல்லாம் சரி காக்கா, இங்க ஒரு டி.எஸ். ஒபிசுக்கே இவ்வளவு சண்ட?" என்று தம்பி சிரித்தார். சரியான கேள்வி. பிரதேச செயலகப் பிரிவு என்பது யாப்பில் பெயர்கூட இல்லாத அலகு. அமைச்சரின் கையெழுத்தும் ஒரு வர்த்தமானியும் போதும். கை உயரவே தேவையில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்தக் கேட்டுத் தமிழர்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். முஸ்லிம்கள் எதிர்த்து உட்கார்ந்தார்கள். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. வெடி கொளுத்திய புகை அடங்குமுன் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அம்பாறையிடம் நாம் கேட்பதும் கல்முனை வடக்குக்காரர் நம்மிடம் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்: பக்கத்தில் ஓர் ஒபிஸ், நம் ஆள் ஒருவர் கதிரையில். ஒன்று நியாயம், மற்றது பிரிவினை என்று பேசுவது என் தொண்டைக்குள் இறங்குவதில்லை.

இரண்டாவது பிளேன்டி வந்தது. தம்பி கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தன் ராத்தா கட்டாரில் இருப்பதாகவும் அங்கே பிள்ளை பிறந்து ஐந்து மாதமாவதாகவும் சொன்னார். மச்சான் இலங்கைக்காரர் இல்லை. பிள்ளை எந்த நாடு?

இதற்கும் யாப்பில் பதில் இல்லை, அதுதான் விசேஷம். 26ஆம் உறுப்புரை சொல்வது: இந்த நாட்டில் ஒரே ஒரு பிரஜாவுரிமை அந்தஸ்துதான், வம்சாவழியால் வந்தவர், பதிவால் வந்தவர் என்று வேறுபாடு பார்க்கக் கூடாது. யார் பிரஜை ஆகலாம் என்பதை அது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திடம் விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் பிறந்த மண் முக்கியமில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் பிறந்தால் மட்டும் ஒருவர் இலங்கையர் ஆகிவிடுவதில்லை. தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கர் என்கிற கணக்கு இங்கே ஓடாது.

அந்தச் சட்டம் வந்தபோது என்ன நடந்தது என்று மலையகம் அறியும். தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவரிடம் ஏது பத்திரம்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில், சாதாரணப் பெரும்பான்மையால் நடந்த வேலை இது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். முழுதாகத் தீர 2003 வரை ஆனது. இது தோட்டத்துக் கதை மட்டும் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. 1949இல் வந்த அடுத்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். குடிசனப் பதிவில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எழுதப்பட்ட வியாபாரிகளும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

ராத்தாவின் பிள்ளைக்கும் 2003 முக்கியம். அதுவரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன்தான் பிரஜாவுரிமை கொடுக்க முடியும். தாய் இலங்கைக்காரியாக இருந்தும் பயனில்லை. அந்த வருடத்துத் திருத்தம் தாயையும் தகப்பனையும் சமமாக்கியது. வளைகுடாவுக்கு உழைக்கப் போன நம் பெண்களுக்கு இதைவிடப் பெரிய சட்ட மாற்றம் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி ஒரு மேடையிலும் பேச்சில்லை. கட்டாரில் பிறந்ததால் பிள்ளை கட்டார்காரர் ஆகாது, அங்கே தகப்பன் வழிதான். ஆகவே தாய் பதிவு செய்யாவிட்டால், தகப்பனின் நாடும் கைகொடுக்காவிட்டால், பிள்ளையின் கையில் ஒன்றும் இராது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. 5ஆம் பிரிவின் இரண்டாம் உபபிரிவுப்படி பிறந்து ஒரு வருடத்துக்குள், தோஹாவில் இருக்கும் நமது தூதரகத்தில், அல்லது இங்கே பொறுப்பான அமைச்சில், பிறப்பைப் பதிய வேண்டும். அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, ராத்தாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பாஸ்போட் எல்லாம் எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். பெயரின் எழுத்து ஒன்றில் 'ஃபாத்திமா', மற்றதில் 'பாத்துமா' என்று இருந்தால் அதை இங்கேயே முதலில் திருத்திக்கொள்வது நல்லது. அலைச்சல் பெரும்பாலும் அதில்தான். ஒரு வருடம் தாண்டினாலும் கதவு மூடாது, தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் தவணை நீட்டலாம். ஐந்து மாதம் என்றால் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தம்பி அங்கேயே போனை எடுத்து ராத்தாவுக்கு வொய்ஸ் போடத் தொடங்கினார்.